டிரெய்லரில் பின்பாரம் ஏற்றிய மகனுக்கு

லே, "இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. இவ்விடம் நான் க்ஷேமமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். அவ்விடம் என்பதும் கடல் தாண்டி இல்லை, குற்றாலத்தில் உன் மாமனார் வீட்டு வாசல். தென்காசியிலிருந்து சைக்கிளை மிதித்தால் வந்துவிடலாம். வந்தால் முந்தாநாள் நடந்ததுதான் மறுபடி நடக்கும். நான் ஒரு வார்த்தை சொல்வேன், நீ இரண்டு சொல்வாய், உன் மாமனார் நடுவில் புகுந்து மூன்று சொல்வார், டிரெய்லர் ஏற்றினது ஏற்றினபடியே நிற்கும். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. பிரதி எடுத்து ஒன்றை உன் மாமனாருக்கு அனுப்புகிறேன், ஒன்றை லாரி ஷெட்டிலும் ஒன்றைக் கார் ஸ்டாண்டிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். நான் பொறாமைக்காரன், மகன் தனிக்குடித்தனம் போவது பொறுக்காதவன், சம்பந்தி வீட்டுச் சீரைப் பார்த்து வயிறெரிந்தவன் என்று ரதவீதி முழுக்கப் பேசியாகிவிட்டது. பேசினவர்கள் இதையும் படிக்கட்டும். பட்டாளம் விட்டெறிந்த ஜீப்பையும் டிரெய்லரையும் ஏலத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அதை மாட்டுவண்டிக்கு அண்ணன் என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் இந்த ஊரில் நீ மட்டும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் நீ உன் பெண்டாட்டி கோமதியை ஜீப்பில் உட்காரவைத்துக்கொண்டு, பின்னால் அந்த டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, ஆரியங்காவு மலை தாண்டிப் புனலூருக்குக் குடிபோகிறாய். டிரெய்லர் இப்போது ஏற்றியிருக்கிற விதத்தில் போனால் மலை ஏறிவிடும். இறங்காது. தென்மலை இறக்கத்தில் ஏதோ ஒரு வளைவில் உன்னையும் அந்தப் பெண்ணையும் ஜீப்போடு ரோட்டுக்கு வெளியே தள்ளும். இது சாபம் இல்லை, கணக்கு. முந்தாநாள் உன் மாமனார் வீட்டார் முன்னால் இதையே இன்னும் கேவலமான வார்த்தையில் சொன்னேன். சம்பந்தியம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அந்த வார்த்தைக்கு நான் மன்னிப்புக் கேட்பேன் என்று யாரும் இலை போட்டு உட்கார வேண்டாம்.

எனக்கு முப்பத்தெட்டு வயசு, உனக்கு இருபது. மீசை முளைத்த கையோடு எனக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே நீ வந்துவிட்டாய். கடைவீதியில் சேர்ந்து போனால் நம்மை அண்ணன் தம்பி என்கிறார்கள். அது உனக்கு ஏறிவிட்டது. அப்பன் சொல்வதை அப்பன் சொல்வதாக நீ கேட்பதே இல்லை, கூடப் படித்தவன் பெருமையடிக்கிற மாதிரிக் கேட்கிறாய். சரி, அப்பன் என்று கேட்க வேண்டாம். ஃபிட்டர் என்றாவது கேள். டெக்னிக்கல் ஸ்கூலில் இரும்பு படித்து, யுத்தம் முழுக்கப் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். டிரெய்லர் எதனால் கவிழ்கிறது என்று, கவிழ்ந்த டிரெய்லரைத் தூக்கி நிறுத்தித் தெரிந்துகொண்டவன். நீ தெரிந்துகொண்டது எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஐந்தருவிக்கு நாலு தரம் போய்வந்ததில். ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவனுக்கு ஜீப்பு ஓட்டத் தெரியும். பின்னால் ஒன்றைக் கட்டிவிட்டால் நீ ஓட்டுவது ஜீப்பு இல்லை, வேறு ஒரு ஜந்து. அதற்கு நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. அந்த மூட்டு உன் பேச்சைக் கேட்காது, பாரத்தின் பேச்சைத்தான் கேட்கும்.

முந்தாநாள் நம் வீட்டு வாசலில் பாரம் ஏற்றினதை நினைத்துப் பார். சம்பந்தியம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்று ஏற்பாடு செய்தாள். கட்டில் முன்னால் போயிற்று. மெத்தை, தலையணை, காலி டிரங்குப் பெட்டி, பித்தளை அண்டா, குடம், இட்லிக் கொப்பரை எல்லாம் முன்னால் போயிற்று. கனமானது எல்லாம் வாசலிலேயே காத்திருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அரிசி மூட்டையும் உப்புப் பானையும் அம்மியும் ஆட்டுரலும் கடைசியிலதான் ஏத்தணும் சம்பந்தி. அங்கன போயி எறக்கையில அதுதான முதல்ல வாசப்படி தாண்டணும்? கட்டிலையும் காலிப் பெட்டியையும் முதல்ல எறக்கி உள்ள கொண்டு போனா குடும்பம் வெளங்குமா?"

"அங்கன போயிச் சேந்தாத்தான சம்பந்தியம்மா எறக்கணும்?"

"வாயைக் கழுவுங்க! நல்ல காரியத்துக்குப் போகையில என்ன பேச்சு பேசுதிய?"

உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னை முறைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டது கொஞ்ச நேரம், அதுவும் அன்றைக்குத்தான். இரண்டு அரிசி மூட்டை, அம்மி, ஆட்டுரல், குழவி, உப்புப் பானை, எல்லாம் அச்சுக்குப் பின்னால், வால் பலகையை ஒட்டி ஏறின. புது வீட்டுக்குள் முதலில் எது போக வேண்டும் என்று பார்த்தீர்களே தவிர, நடுவில் ஒரு மலை இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. ஏற்றி முடித்ததும் நான் போய் டிரெய்லரின் மூக்குச் சட்டத்தை, அதாவது ஜீப்புக் கொக்கியில் மாட்டுகிற அந்த முனையை, ஒற்றைக் கையால் தூக்கினேன். முருங்கைக் கிளை மாதிரி வந்தது. உனக்குக் காட்டத்தான் தூக்கினேன். ஆனால் உன் மாமனார் அதைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்.

"பாத்தீயளா! இம்புட்டுப் பாரத்தையும் ஏத்தி ஒத்தக் கையில தூக்குதாரு. மூக்குல பாரமே தெரியல. எங்க வீட்டு ஆளுக பாரம் பிடிச்சா அப்படித்தான் இருக்கும்."

"சம்பந்தி, மாட்டு வண்டியிலேயே பின்பாரம் வைக்க மாட்டாங்களே. நுகத்தடி மேல எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை நெரிச்சிராதா?"

"அதைத்தான வே நானும் சொல்லுதேன். மாட்டுக்குக் கழுத்து இருக்கு, நெரிக்கும். ஜீப்புக்குக் கழுத்து எங்கன இருக்கு? இரும்புக்கு மூச்சு முட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மற்றவர்கள் சிரித்ததை நான் விட்டுவிட்டேன், அவர்கள் நெல்லும் மாடும் பார்த்து வளர்ந்தவர்கள். நீ என் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடித்து வளர்ந்தவன். நீ சிரித்தது மாமனாருக்கு நல்ல பிள்ளையாக இருக்க. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் கத்தினேன். அதற்கு நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது: "அப்பா, நீங்க பட்டாளத்துல பீரங்கி இழுத்திய. இது அரிசி மூட்டை. சும்மா பொம்பளையாளுகளைப் பயங்காட்டாதீய." சொல்லிவிட்டு டிரெய்லரை ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விட்டாய். நேற்றைக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறாய், "குற்றாலம் வரைக்கும் ஒண்ணும் ஆகலன்னு அப்பாட்ட சொல்லு" என்று. ஏன் ஆகும்? தட்டையான ரோடு, நடந்து போகிறவன் முந்துகிற வேகம், வழியெல்லாம் குளிக்கப் போகிற கூட்டம். மொட்டைமாடியில் நடந்து பார்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் நடக்கிறேன் என்கிறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

இப்போது புத்தியை இங்கே வை. இரண்டு சக்கர டிரெய்லர் ஒரு தராசு. அச்சுதான் நடுமுள். அச்சுக்குப் பின்னால் பாரம் ஏறினால் மூக்கு மேலே போகும். மூக்கு கொக்கியில் மாட்டியிருக்கிறது, அதனால் அது ஜீப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். ஜீப்பின் பின்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காது. ஒட்டியும் ஒட்டாமலும் உருளும். அது உனக்கு ஓட்டும்போது தெரியாது, வண்டி லேசாகப் போகிற மாதிரிச் சுகமாகக்கூட இருக்கும். இறக்கத்தில் வேகம் கூடினதும் டிரெய்லரின் வால் ஒரு பக்கம் ஒதுங்கும். அங்கே கனம் இருப்பதால் ஒதுங்கினது தானாகத் திரும்பாது, மறுபக்கம் வீசும். அடுத்த வீச்சு முந்தினதைவிடப் பெரிசு. அதற்கடுத்தது அதைவிடப் பெரிசு. நீ ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப அது இன்னும் வீசும். கடைசியில் நீ பயந்துபோய் பிரேக்கில் ஏறி நிற்பாய். ஜீப்பு நிற்கும், டிரெய்லருக்கு ஓட்டத்தில் பிரேக் கிடையாது, அது நிற்காது. ஜீப்பின் முதுகில் இடித்து ஒரு பக்கமாகத் தள்ளி மடக்கும். மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. மூக்கில் பாரம் இருந்தால் இந்த ஆட்டம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. இதுதான் முழுப் படிப்பு. இதற்கு நான் பீரங்கி இழுத்திருக்க வேண்டியதில்லை, நீ இழுக்கிறது அரிசி மூட்டையாக இருப்பதால் அது மரியாதை காட்டவும் போவதில்லை.

உனக்கு இது புதுசும் இல்லை. போன மாசியில் உன் அத்தை வீடு சுந்தரபாண்டியபுரத்திலிருந்து கீழப்பாவூருக்குக் குடிபோனபோது இதே டிரெய்லரை நீதான் இழுத்தாய். அன்றைக்கும் விதைநெல் மூட்டை வாலில். அதற்கு மேல் உன் அத்தை வீட்டுக்காரர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். குளத்துக்கரை இறக்கத்தில் வால் வீசியது, நீ பிரேக்கை மிதித்தாய், டிரெய்லர் மடங்கி வாய்க்காலில் குப்புற விழுந்தது. அத்தனை சின்ன இறக்கத்தில்! மனுஷருக்குக் காறை எலும்பு முறிந்தது. இன்றைக்கும் அவரால் வலது கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியாது, உன் அத்தைதான் மாட்டிவிடுகிறாள். நான் பார்க்கப் போனபோது கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

"கண்ணுல்லா மச்சான் பட்டுட்டு! நாங்க வண்டி ஏத்துனத தெருவே நின்னு பாத்துது. அந்த எதுத்த வீட்டுக்காரன் பாத்த பார்வை இருக்கே, டயரே வெடிச்சிருக்கணும்."

"கண்ணு படல மாப்ள. மூட்டை பின்னால இருந்தது."

"மூட்டை பின்னாலதான் இருக்கும், பின்ன மடியிலயா வச்சிக்கிட முடியும்? நீங்க இப்படித்தான் எல்லாத்துக்கும் ஒரு கணக்கு சொல்லுவிய."

நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். ஆமாம், பாரம் தப்பாக ஏற்றிவிட்டேன், தப்பாக பிரேக் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? எதிர்வீட்டுக்காரன் பார்வை உனக்கு வசதியாக இருந்தது. ஜீப்பைச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள், முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள், நீ நல்ல பிள்ளையாக நின்று சூடம் காட்டினாய். எதிர்வீட்டுக்காரர் பாவம், அன்றையிலிருந்து அவர் வாசலில் நின்றால் ஆட்கள் குடத்தை மூடிக்கொண்டு போகிறார்கள். பூசணிக்காய் உடைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆயிரம் உடை. ஆனால் உடைத்ததும் விஷயம் முடிந்தது என்று மூட்டையை மறுபடி வாலிலேயே வைத்தாய் பார், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. முட்டாள்தனத்தை நான் பொறுப்பேன், எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. எலும்பு முறிந்தபிறகும் அதே முட்டாள்தனத்தைச் செய்கிறவனைப் பொறுக்க எனக்குத் தெரியவில்லை.

யுத்தகாலத்தில் அஸ்ஸாம் பக்கத்து மலையில் இருந்தபோது, எங்கள் சார்ஜண்ட் ஒரு வழக்கம் வைத்திருந்தான். பாரம் ஏற்றி முடித்த ஒவ்வொரு டிரெய்லரின் மூக்கையும் டிரைவரே தூக்கிக் காட்ட வேண்டும். முக்கி முனகித் தூக்கினால் போகலாம். சுலபமாகத் தூக்கிவிட்டால் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும், மழையானாலும் சரி. எல்லாரும் அவனைத் திட்டினோம். நானும் திட்டினேன். ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல், யாரும் பார்க்கவில்லை, ஒரு பையன் வாலில் பாரத்தோடு கிளம்பிவிட்டான். அவன் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க கியரையும் எடுத்துவிட்டு நியூட்ரலில் விட்டிருக்கிறான். வண்டியைச் சங்கிலி போட்டு மேலே இழுத்தது நாங்கள்தான். வண்டியைச் சரிபண்ணி மறுவாரமே ஓட்டினோம். அன்றைக்கு அவனுக்கு, இப்போது உனக்கு இருக்கிற வயசு. இதற்கு மேல் இதைப்பற்றி எழுதப் போவதில்லை, நீயும் கேட்காதே.

பெட்ரோல் என்றதும் உனக்கும் அதே புத்தி இருப்பது ஞாபகம் வருகிறது. ரேஷன் கூப்பன் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று இறக்கம் வந்தால் நியூட்ரலில் தள்ளிவிட்டு சீட்டி அடிப்பவன் நீ. நாளை மறுநாள் அதைச் செய்யாதே. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. கோட்டைவாசல் தாண்டினதும், இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, இரண்டாவது கியருக்கு வந்துவிடு. ஆரம்பித்தபிறகு மாற்றலாம் என்றால் அது விழாது. என்ஜின் கத்தும். கத்தட்டும், அது உனக்காகத்தான் கத்துகிறது. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடு, மிதித்தபடியே இறங்கினால் பாதி மலையில் பிரேக் வெந்துபோய், மிதி தரைக்குப் போகும், வண்டி நிற்காது. வளைவுக்குள் போனபிறகு பிரேக் போடாதே, வளைவுக்கு முன்னால் போட்டு முடி. டிரெய்லர் உன் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் பாறைப் பக்கத்து வளைவில் கொஞ்சம் அகலமாக எடு, இல்லாவிட்டால் பாறை உன் மாமியாரின் பித்தளை அண்டாவை நசுக்கும். எதிரே லாரி வந்தால் பெரிய மனுஷன் மாதிரிப் பின்னுக்குப் போகிறேன் என்று ரிவர்ஸ் எடுக்காதே. டிரெய்லரோடு பின்னால் போக உனக்குத் தெரியாது. அவனைப் போகச் சொல்லு, திட்டினால் வாங்கிக்கொள். இவ்வளவுக்கும் பிறகு வால் வீச ஆரம்பித்தால் பிரேக்கைத் தொடாதே, ஸ்டியரிங்கை வெட்டாதே. நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு. அது தானாக அடங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இரு. சும்மா இருப்பது உன் சுபாவம் இல்லை என்று தெரியும். அதனால்தான் வீசவே விடாதபடி ஏற்று என்கிறேன்.

சாரலை வேறு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடி பிறந்தால் குடிபோகக் கூடாது என்கிறார்கள். அதனால் ஆனிக் கடைசியில், அருவியெல்லாம் பொங்கி மலையே கண்ணுக்குத் தெரியாமல் கொட்டுகிறபோது, மலை ஏறுகிறாய். ஆவணியில் போனால் ரோடு காய்ந்திருக்கும் என்று நான் சொன்னதற்கு, "வேலைக்கு வரச் சொன்ன கம்பெனிக்காரன் ஆவணி வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பானா?" என்றாய். அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். மரக்கம்பெனிக்காரனுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. ஆனால் ஈரத்தை ஈரமாக மதி. நீங்கள் ஏற்றியிருக்கிற இலவம்பஞ்சு மெத்தை மேலே திறந்தபடி கிடக்கிறது. புளியரை போவதற்குள் அது தண்ணீர் குடித்து, ஒரு ஆளைச் சுருட்டி வைத்த கனம் ஆகிவிடும், அதுவும் உச்சியில். தார்ப்பாயை என் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் விட்டு எடுத்துக்கொள். நீயே வர வேண்டாம். கயிற்றை நனைந்தபடி இறுக்கிக் கட்டினால், வெயில் பட்டுக் காய்ந்ததும் தொய்யும். செங்கோட்டைச் சவுக்கையில் திருவாங்கூர்க்காரன் சோதனைக்கு எப்படியும் நிறுத்துவான். அவனோடு வாயாடாமல் அந்த நேரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டு, கொக்கியின் ஊசியைப் பார், சங்கிலி இரண்டும் சட்டத்துக்கு அடியில் குறுக்காகப் போயிருக்கிறதா என்று பார். கொக்கி விட்டுப்போனாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கும். மலை உச்சியில் ஒருமுறை நிறுத்தி மறுபடி பார். டயர் சூட்டைக் கையால் தொட்டுப் பார். ஒரு ஆளும் பாரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. சம்பந்தியம்மா, குத்துவிளக்கு சாயாமல் பிடித்துக்கொள்ளக் கோமதியை டிரெய்லரில் உட்காரவைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னாளாமே, அந்த யோசனை சொன்னவரையே உட்காரவைத்துப் பார். விளக்கை வைக்கோலில் சுற்றிப் பெட்டிக்குள் வை.

ஆட்டுரலை டிரெய்லரில் ஏற்றவே ஏற்றாதே. அது கால் டன் டிரெய்லர். அரிசியும் அம்மியுமே அதற்குப் போதும். ஆட்டுரலை ரயிலில் கூட்ஸ் பார்சல் போடு. அது மெதுவாக வரட்டும், அதுவரைக்கும் தோசை தின்னாவிட்டால் உயிர் போகாது. மற்றதை எல்லாம் இறக்கி, அரிசி மூட்டை இரண்டையும் அம்மியையும் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரைப்பலகையோடு படுக்கவை. பித்தளைச் சாமானும் கட்டிலும் பின்னால் போகட்டும். பிறகு மூக்கைத் தூக்கிப் பார். இரண்டு கையால் முக்கித் தூக்க வேண்டும், முகம் சிவக்க வேண்டும். ஒரேயடியாக முன்னால் குவித்தும் தொலைக்காதே. அப்படிச் செய்தால் ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. உனக்கு எதையும் பாதி சொன்னால் அந்தப் பாதியைத் தலைகீழாகச் செய்வாய், அதனால் இதையும் எழுதுகிறேன். அரிசிதான் முதலில் வாசல்படி தாண்ட வேண்டுமென்றால், புனலூரில் சாமானை எல்லாம் ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு, அரிசியை முதலில் உள்ளே கொண்டு போ. எந்தச் சாமி, "டிரெய்லரில் எந்த ஓரத்தில் இருந்தது?" என்று கேட்கப் போகிறது? கொக்கியைக் கழற்றுமுன் டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல் அண்டை கொடு.

இவ்வளவையும் நேற்று மத்தியானம்வரை எழுதுவதாக உத்தேசம் இல்லை. நீ எப்படியோ போய்த் தொலை, அந்தப் பெண்ணை மட்டும் காப்பாற்றிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். ஸ்டேஷனுக்குப் போய் புனலூருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன், ஒன்று கோமதிக்கு, ஒன்று துணைக்குப் போக உன் அம்மாவுக்கு. உன் அம்மாவைக் குற்றாலத்துக்கு அனுப்பி, சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாமல் கோமதியை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிவரச் சொன்னேன். வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சாரலில் நனைந்து, புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு, கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவில் நின்றாள். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினதில்லை. டிக்கெட்டைக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். உனக்குச் சொன்ன மாதிரிக் கத்தவில்லை. அவள் கேட்டுவிட்டு, டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இது எனக்கும் அத்தைக்கும். அவுகளுக்கு?"

"அவன் வண்டியில்லா ஓட்டணும்."

"அப்பம் வண்டி கவுந்தா அவுக மட்டும் கவுந்துக்கிடட்டும்னு சொல்லுதியளா?"

உன் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் ரயில்ல போயி, அந்த வீட்டைத் தொறந்து, யாருக்கு மாமா பால் காய்ச்ச?" என்றாள். "அவுக ஒழுங்கா ஏத்துனாலும் நான் ஜீப்புலதான் போவேன். ஏத்தாட்டியும் ஜீப்புலதான் போவேன். உங்க மூஞ்சியப் பாத்தா அவுகளுக்கு ரோசம் வருது, எதுத்துப் பேசுதாக. அம்மாவையும் அப்பாவையும் நான் பாத்துக்கிடுதேன். நீங்க என்ன செய்யணுமோ எழுதிக் குடுங்க. நான் வாசிச்சுக் காட்டுதேன்."

டிக்கெட் இரண்டையும் என் பட்டறைப் பலகை மேல், ரெஞ்சுக்கு அடியில் பறக்காமல் வைத்துவிட்டு, மழையிலேயே திரும்பிப் போய்விட்டாள். அந்தப் பெண்ணிடமும் கத்திப் பார்க்கலாம் என்று வாசல்வரை போனேன். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. இரும்பில் ஒரு ரகம் உண்டு, அடித்தால் வளையாது. உன்னிடம் இருப்பது அந்த ரகம் இல்லை. நீ மாமனார் வீட்டு வெயிலில் வளைந்த தகரம். ஆனாலும் உன் பக்கத்து சீட்டில் உட்காரத்தான் அவள் தீர்மானித்திருக்கிறாள், ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஆக இனி உன்மேல் எனக்குள்ள கோபத்தை வைத்து நான் ஒன்றும் செய்வதற்கில்லை. உனக்கு வருவதுதான் அவளுக்கும் வரும், அதை அவள் முடிவு செய்துவிட்டாள். நீ என்னோடு பேசாமல் இரு, வருஷக்கணக்கில் இரு, தீபாவளிக்குக்கூட வராதே, நானும் உன்னைத் தேடி மலை ஏறப் போவதில்லை. ஊரார் முன்னால் அப்பன் பேச்சைக் கேட்டதாக ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்தால், உன் பெண்டாட்டி சொன்னாள், அதனால் செய்தேன் என்று சொல்லிக்கொள். உன் மாமனாருக்கும் அது கௌரவம்தான். இப்போது கோமதி இதை உனக்கு வாசித்துக்கொண்டிருக்கிறாள். முடிந்ததும் இன்னொரு தரம் வாசி என்று உட்கார்ந்திருக்காதே. எழுந்து போய்க் கயிற்றை அவிழ்.